முந்நூறாவது யூனிட்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தில், லாபிசிலிருந்து குளுவாங் போகும் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது பாலோ. ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் செம்பனை, ஆங்காங்கே மிச்சம் மீதியாக ரப்பர். வேலைக்குப் போகும் வயதில் இருப்பவர்களில் பலர் குளுவாங்கிலோ ஜோகூர் பாருவிலோ, பாலம் தாண்டிச் சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஊரில் தங்குவோரிலும் பெரியவர்கள் தோட்டத்துக்கும் கடைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டால் பகலில் வீட்டில் ஓடுவது குளிர்பெட்டி ஒன்றுதான்.

இப்படிப்பட்ட ஊரின் ஒரு நாள் மின்சாரத்தைத் தாளில் கோடாக இழுத்தால் அதற்கு ஒரு முகம் இருக்கும். விடியுமுன் கேத்தலும் விளக்கும் சோற்றுப் பானையும் சேர்ந்து ஒரு சின்ன மேடு. பிறகு நண்பகல்வரை சமதரை. மாலை ஏழுக்கு மேல் தொலைக்காட்சி, காற்றாடி, ஏர்கோன் என்று நீளும் பெரிய மேடு. தேசிய மின்தொகுப்பை நடத்துபவர்கள் இதுபோன்ற ஆயிரக்கணக்கான கோடுகளைக் கூட்டித்தான் நாளைக்கு எத்தனை மெகாவாட் வேண்டியிருக்கும் என்று இன்றே கணிக்கிறார்கள். மனிதர்கள் பழக்கத்துக்கு அடிமை என்பதால் கணிப்பு பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

2020 மார்ச் 16 இரவு அன்றைய பிரதமர் முகிதின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றினார். கொரோனா தொற்றை ஒட்டி 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பள்ளி, அலுவலகம், பெரும்பாலான தொழிற்சாலைகள் மூடல். நாட்டின் எல்லையும் மூடல். நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குப் போய்வந்தவர்களில் சிலர் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள், மற்றவர்கள் வேலையில்லாமல் இக்கரையில் நின்றார்கள். பழக்கம் என்ற அஸ்திவாரத்தின் மேல் கட்டிய கணிப்புகள் ஒரே வாரத்தில் பயனற்றுப் போயின.

தீபகற்ப மலேசியாவில் மின்தேவையின் உச்சம் வழக்கமாக இரவில் வருவதில்லை. வேலை நாளின் பிற்பகலில் வரும். வெயில் உச்சியைத் தாண்டிய அந்த நேரத்தில் அலுவலகங்களும் பேரங்காடிகளும் தங்கள் கட்டடங்களைக் குளிரூட்டிக்கொண்டிருக்கும். (எவ்வளவு குளிர் என்பது கோலாலம்பூர் அலுவலகங்களில் சால்வை போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்யும் பெண்களைக் கேட்டால் தெரியும்.) கூடவே ஆலைகளின் இயந்திரங்கள். 2020இல் பதிவான உச்சம் 18,800 மெகாவாட்டை ஒட்டி இருந்தது. ஆணை வந்ததும் அந்தப் பிற்பகல் மலை சரிந்தது. செவ்வாயும் புதனும் ஞாயிற்றுக்கிழமை போல ஆயின. உலகமெங்கும் இதே கதைதான். முழு முடக்கம் இருந்த இடங்களில் மின்தேவை ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்ததாகச் சர்வதேச எரிசக்தி முகமை சொன்னது. இந்தியாவின் 2020 ஏப்ரல் மாதப் பயன்பாடு முந்தைய ஏப்ரலைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு.

ஆனால் அதே மாதங்களில் பாலோவிலும் சரி, பட்டர்வொர்த்திலும் சரி, வீட்டு மின்கட்டணம் எகிறியது. நாடு குறைவாகப் பயன்படுத்தியபோது வீடு எப்படி அதிகமாகக் கட்டியது? அன்றைக்கு இந்தக் கேள்வியைப் பலரும் கோபத்தோடு கேட்டார்கள். கோபம் நியாயம், கேள்விக்குக் கணக்கில் விடை இருக்கிறது.

முதலில் பங்கு. தீபகற்பத்தில் விற்கும் மின்சாரத்தில் வீடுகளுக்குப் போவது சுமாராகக் கால்வாசி. மீதி ஆலை, கடை, அலுவலகம், ஓட்டல். ஓர் ஊகக் கணக்கு போடுவோம். வழக்கமான நாளில் 100 யூனிட் விற்றால் வீடு 25, மற்றவை 75. முடக்கத்தில் வீடுகள் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுத்தால் 5 யூனிட் ஏறும். மற்றவை பத்தில் மூன்று பங்கு குறைந்தால் 22.5 யூனிட் இறங்கும். ஆக மொத்தம் 82.5. வீடுகளின் ஏற்றம் நாட்டின் கோட்டில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஒவ்வொரு வீட்டின் பில்லிலும் பெரிதாகத் தெரியும்.

அடுத்தது, வீட்டுக்குள் என்ன ஓடியது என்பது. அப்போது வாட்சாப்பில் சுற்றிய அறிவுரைகளில் பாதி, கைப்பேசி சார்ஜரைப் பிளக்கிலேயே விடாதீர்கள் என்று மிரட்டின. பிள்ளைகள் நாள் முழுக்கக் கைப்பேசியில் பாடம் படித்ததால் அந்த அறிவுரைக்கு வேகம் வேறு கூடியது. ஒரு கைப்பேசியைச் சுழியிலிருந்து முழுதாக நிரப்ப ஏறத்தாழ 0.02 யூனிட் போதும். ஐம்பது முறை நிரப்பினால்தான் ஒரு யூனிட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் அதே ஒரு யூனிட்டை ஒன்றேகால் மணி நேரத்தில் தின்றுவிடும். மேலே சுழலும் காற்றாடி 60, 70 வாட்தான். ஆனால் ஒரே வீட்டில் மூன்று காற்றாடி பகல் முழுக்க ஓடினால் பத்து மணி நேரத்தில் இரண்டு யூனிட். கதவைத் திறந்து திறந்து மூடும் பழைய குளிர்பெட்டி, காலையில் ஆக்கிய சோற்றை இரவுவரை சூடாகவே வைத்திருக்கும் மின்பானை, மூன்று வேளையும் கொதிக்கும் கேத்தல் என்று ஒவ்வொன்றும் அரை யூனிட், கால் யூனிட் என்று கூட்டிக்கொண்டே போகும். பில்லை ஏற்றியது பாடமும் படமும் இல்லை. சூடும் குளிரும்தான் ஏற்றின.

அலுவலகத்தில் நூறு பேருக்கு ஒரு குளிரூட்டி. அந்த நூறு பேரும் வீட்டில் இருந்தால் நூறு அறை, நூறு காற்றாடி, முப்பது நாற்பது ஏர்கோன். முன்பு கம்பெனியின் கணக்கில் எழுதப்பட்ட குளிர்ச்சி இப்போது குடும்பத்தின் கணக்குக்கு மாறியது. தொற்றுக்காலத்தில் மின்சாரத்துக்கு நேர்ந்த மாற்றங்களில் இதைத்தான் நான் முக்கியமானதாகப் பார்க்கிறேன். மொத்த அளவு குறைந்ததும், மீண்டும் ஏறியதும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் பழங்கதையாகிவிட்டன. செலவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, யாரும் கேட்காமலே, மாறியது வேறு வகை.

மின்கம்பத்திலும் இதன் பாதிப்பு தெரிந்தது. தெருக்கோடியில் நிற்கும் மின்மாற்றியை, எல்லா வீட்டின் எல்லாச் சாதனமும் ஒரே நேரத்தில் ஓடும் என்று நினைத்து வாங்குவதில்லை, வாங்கினால் கட்டுப்படியாகாது. ஒரு வீட்டில் ஏர்கோன் ஓடும்போது அடுத்த வீடு பூட்டிக் கிடக்கும், ஒருவர் இஸ்திரி போடும்போது இன்னொருவர் தூங்குவார் என்ற நம்பிக்கையில்தான் அளவு குறிக்கிறார்கள். ஐம்பது வீடுகளின் தனித்தனி உச்சங்களைக் கூட்டினால் வரும் எண்ணைவிட அந்தத் தெருவின் கூட்டு உச்சம் மிகக் குறைவாக இருப்பது இந்த நேர வேறுபாட்டால்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் சமைத்து, ஒரே நேரத்தில் பிரதமர் உரை கேட்டால் வேறுபாடு சுருங்கும்.

அதன் கடுமையான வடிவம் இதே குளுவாங் மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. சிம்பாங் ரெங்கத்தின் கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட், அதை ஒட்டிய பண்டார் பாரு டத்தோ இப்ராஹிம் மஜிட் ஆகிய இடங்களில் 61 பேருக்குத் தொற்று உறுதியானதும், மார்ச் 27 முதல் மலேசியாவின் முதல் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு அங்கே விதிக்கப்பட்டது. சுமார் 650 குடும்பங்கள், 3,570 பேர். கடைக்குக்கூடப் போகக் கூடாது. உணவு வீடு தேடி வரும். மின்பொறியாளரின் கண்ணில் அது 650 வீடும் 24 மணி நேரமும் நிறைந்திருக்கும் ஊர். எந்த மின்மாற்றியின் வடிவமைப்புக் கணக்கிலும் அப்படி ஓர் ஊர் இருந்திருக்காது.

நாடு முழுவதும் இதற்கு நேர்மாறான சிக்கல். நீளமான உயர் அழுத்தக் கம்பிகளில் சுமை குறைந்தால் கடைக்கோடியில் மின்னழுத்தம் இறங்காமல் ஏறும். கம்பிகளே ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்வதால் வரும் விளைவு இது. இந்தியாவில் முடக்கக் காலத்தில் அழுத்தம் எல்லை மீறாதிருக்கச் சில கம்பித் தடங்களையே துண்டித்துவைக்க வேண்டியிருந்தது. மின்சாரம் போதாமல் தவித்தே பழகிய நமக்கு, வாங்க ஆளில்லாமல் மின்தொகுப்பு தவிக்கும் என்பது விசித்திரமாகத் தோன்றலாம்.

அந்தத் தவிப்பின் உச்சக்காட்சி 2020 ஏப்ரல் 5, ஞாயிறு இரவு. ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றுங்கள் என்று இந்தியப் பிரதமர் கேட்டிருந்தார். இந்தியாவின் தேசிய மின்தொகுப்பை அப்போது நடத்திய பொசோகோ, எத்தனை கோடி வீடு, வீட்டுக்கு எத்தனை விளக்கு என்று கணக்குப் போட்டு 12,000 முதல் 14,000 மெகாவாட்வரை சரியும் என்று எதிர்பார்த்தது. நடந்தது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். எட்டே முக்காலை ஒட்டி 1,17,300 மெகாவாட்டாக இருந்த தேவை ஒன்பது பத்துக்குள் சுமார் 32,000 மெகாவாட் இறங்கியது. விளக்கை அணைக்கச் சொன்னால் மக்கள் காற்றாடியையும் தொலைக்காட்சியையும் சேர்த்தே அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை. வாசலில் நிற்கப் போகிறவர் அறைக்குள் காற்றாடியை எதற்கு ஓடவிடுவார்?

உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். தேவை சட்டென்று விழுந்தால் மின்னாக்கிகள் வேகமெடுக்கும், 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் ஏறும், அளவு மீறினால் காப்புக் கருவிகள் ஒவ்வொன்றாக நிலையங்களைக் கழற்றிவிடும். நிலக்கரி நிலையம் கொதிகலனோடு கட்டுண்டது. நினைத்த மாத்திரத்தில் அதைக் குறைக்க முடியாது. நீர்மின் நிலையத்தில் மடையை மூடினால் போதும். அன்றிரவு முன்கூட்டியே நீர்மின்சாரத்தை உச்சத்துக்கு ஏற்றிவைத்து, தேவை விழ விழ 25 நிமிடத்தில் சுமார் 17,500 மெகாவாட் இறக்கினார்கள். ஒன்பது நிமிடம் முடிந்ததும் திரும்ப ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. என் பார்வையில் அந்த இரவின் உண்மையான சாதனை கட்டுப்பாட்டு அறைகளுக்குள் நடந்தது.

இந்த ஆட்டம் எதிலும் பட்டுக்கொள்ளாத ஒரு மின்சாரமும் பாலோ வட்டாரத்தில் உண்டு. அது செம்பனை ஆலையுடையது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். நோய்த்தொற்று வந்தது என்று மரம் காய்ப்பதை நிறுத்தாது. உணவுத் தொழில் என்ற முறையில் செம்பனைக்கு அனுமதியும் கிடைத்தது. ஒரு டன் குலையை எண்ணெயாக்க 15 முதல் 20 யூனிட் மின்சாரம் தேவை. அதற்கு ஆலை பெரும்பாலும் வெளிக் கம்பியை நம்புவதில்லை. எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும் கொதிகலனுக்குப் போகும்; நீராவி முதலில் சுழலியைச் சுற்றும், பிறகு அதே நீராவி குலையை அவிக்கும். கொதிகலன் சூடேறும்வரை மட்டும் டீசல் ஜெனரேட்டர் துணை. ஆகவே நாடே முடங்கிய நாள்களில் மும்முரமாக ஓடிய இந்த உழைப்பு, தேசிய மின்தேவைக் கோட்டில் பெரிதாகப் பதிவாகவே இல்லை. மின்தேவை குறைந்தால் பொருளாதாரம் அதே அளவு படுத்துவிட்டது என்று அன்று பலர் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். நகரத்துக்கு அது ஓரளவு பொருந்தும். செம்பனைக் காட்டில் பொருந்தாது.

இன்னும் பின்னால் போனால், 1918இன் விஷக்காய்ச்சல் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரைக் கொத்துக் கொத்தாய்க் கொன்றபோது லயங்களில் எண்ணெய் விளக்குதான். அந்தத் தொற்று எந்த மீட்டரிலும் தடம் விடவில்லை. தோட்டத்து மரணப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.

2020இல் மீட்டர் இருந்தது, பார்க்கத்தான் ஆள் வரவில்லை. வழக்கமாக மாதம் ஒருமுறை மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து, வாசல் மீட்டரைப் பார்த்து, கையிலுள்ள கருவியில் எண்ணைத் தட்டி, அங்கேயே பில்லை அச்சடித்துக் கடிதப் பெட்டியில் செருகிவிட்டுப் போவார். ஆணை வந்ததும் அந்த வேலை நின்றது. மே மாத நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு மேல் சேர்ந்த யூனிட்டுகளோடு பில் வந்தபோது நாடே கொதித்தது. யூனிட்டுகளை ஒன்றாகக் குவித்து எங்களை மேல்படிக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதுதான் பெரும்பாலோரின் குற்றச்சாட்டு.

அன்றைய கட்டணப் படிகள் இவை: முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4 சென், 301 முதல் 600வரை 51.6 சென், பிறகு 54.6, கடைசியில் 57.1. வழக்கமாக மாதம் 280 யூனிட் பயன்படுத்தும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடியும் இதர வரிகளும் நீங்கலாக அதன் பில் 70 ரிங்கிட் 32 சென். வீட்டில் எல்லோரும் அடைந்து கிடந்த மாதத்தில் 420 யூனிட் ஆகிறது. பில் 138 ரிங்கிட் 92 சென். பயன்பாடு ஒன்றரை மடங்கு, பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூடுதலான 140 யூனிட்டில் 120 யூனிட் மூன்றாம் படியில் ஏறி உட்கார்ந்துவிட்டதால் வந்த வினை. முந்நூறாவது யூனிட் 33 சென்னுக்குக் கிடைத்தது, முந்நூற்று ஒன்றாவது 51 சென்னைத் தாண்டிவிட்டது.

சரி, குவித்தார்களா? நாள் கணக்குக்கு ஏற்பப் படிகளையும் நீட்டித்தோம் என்று தெனாகா விளக்கியது. 60 நாளுக்குப் பில் என்றால் முதல் படி 200க்குப் பதில் 400 யூனிட். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு மாதம் 200 யூனிட், மறு மாதம் 400 யூனிட் என்று வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பில் போட்டால் 43.60, 128.60, மொத்தம் 172.20 ரிங்கிட். இரண்டையும் சேர்த்து நீட்டிய படிகளில் போட்டால் 400 யூனிட்டுக்கு 87.20, மீதி 200க்கு 66.80, மொத்தம் 154 ரிங்கிட். முறையாக நீட்டித்துப் போட்ட கூட்டுப் பில் குடிமகனுக்கு லாபம். குறைந்த மாதம் கூடிய மாதத்தைக் கீழே இழுத்துவிடுகிறது. ஆனால் வருமானம் நின்றுபோன வீட்டில் 154 ரிங்கிட்டை ஒரே தடவையில் எடுத்துவைப்பது எப்படி என்பதற்கு இந்தக் கணிதத்தில் பதில் இல்லை. ஆத்திரம் அங்கிருந்துதான் வந்தது.

ஜூன் 20 அன்று அரசு நிவாரணம் அறிவித்தது. ஏப்ரல் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் 77 ரிங்கிட்வரை இலவசம். 77 என்ற எண் எங்கிருந்து வந்தது? 200 யூனிட்டுக்கு 43.60, அடுத்த 100 யூனிட்டுக்கு 33.40, கூட்டினால் சரியாக 77. அதாவது முந்நூறாவது யூனிட்வரை அரசு ஏற்றுக்கொண்டது. பாலோ போன்ற ஊர்களில் ஏர்கோன் இல்லாத வீடுகள் பலவற்றுக்கு இது முழு பில்லையும் துடைத்திருக்கும்.

தமிழ்நாட்டின் கதை இதைவிடச் சிக்கல். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் என்ற எல்லையை ஒரு யூனிட் தாண்டினாலும் கீழே கடந்துவந்த யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து மாறிவிடும். அன்றைய விலையில், நிலைக்கட்டணம் நீங்கலாக, 500 யூனிட்டுக்கு 1,100 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,736 ரூபாய் 60 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை 636 ரூபாய் 60 காசு! முடக்கத்தில் கணக்கெடுப்பு நின்றபோது முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத யூனிட்டுகளை இரண்டாகப் பிரித்துப் பில் போட்டு, ஏற்கெனவே கட்டிய தொகையைப் பணமாகக் கழித்தார்கள். யூனிட்டாகக் கழித்திருக்க வேண்டும் என்பது மக்களின் வாதம். ஜூலை 21 அன்று தி.மு.க.வினர் வீட்டு வாசலில் கறுப்புக் கொடி பிடித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தள்ளுபடியானது. யார் பக்கம் நியாயம் என்பதைவிட, 500வது யூனிட்டில் இப்படி ஒரு செங்குத்துச் சுவர் நிற்கும் கட்டண முறை, மக்கள் வீட்டில் அடைபடும் காலத்துக்கு ஏற்றதில்லை என்பது என் துணிபு.

மலேசியாவுக்குத் திரும்புவோம். அரசு தள்ளுபடி கொடுக்கிறது, ஆலைகள் மூடிக் கிடக்கின்றன, மின்சாரம் விற்கவில்லை. அப்படியானால் உற்பத்திச் செலவும் குறைந்திருக்க வேண்டுமே? எரிபொருள் செலவு குறைந்தது உண்மை. ஆனால் ஜோகூரின் தஞ்சோங் பின்னில் நிற்கும் 2,100 மெகாவாட் நிலக்கரி நிலையம் போன்றவை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாராக நிற்பதற்கென்றே ஒரு தொகை பெறும் வகையில் ஒப்பந்தம் செய்துகொண்டவை. கடன், சம்பளம், பராமரிப்பு எதுவும் முடக்கத்துக்கு விடுமுறை விடுவதில்லை. கம்பிக்கும் கம்பத்துக்கும் அதே நியாயம். பூட்டிய ஓட்டல்களும் ஆலைகளும் இதே செலவை இன்னொரு முனையிலிருந்து உணர்ந்தன. தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்பு பெற்ற ஆலைகள் பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் குறைந்தபட்சத் தேவைக் கட்டணம் கட்டச் சொல்லப்பட்டு நீதிமன்றம் போயின. மலேசியாவில் ஓட்டல், சுற்றுலா முகவர்கள், பேரங்காடி, கேளிக்கைப் பூங்கா உள்ளிட்ட ஆறு துறைகளுக்கு 15 விழுக்காடு தள்ளுபடி தரப்பட்டது.

தயாராக நிற்பதற்கான இந்தச் செலவு அன்றைய வீட்டு பில்லில் தனியாகத் தெரியாது. யூனிட் விலைக்குள் ஒளிந்திருந்தது. 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் பழைய படிகள் எடுக்கப்பட்டுவிட்டன. மாதம் 1,500 யூனிட்வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்தி 27.03 சென், உற்பத்தித் திறன் 4.55 சென், கம்பி வலையமைப்பு 12.85 சென் என்று மூன்று வரியாகப் பில் வருகிறது. கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென்; குறைவாகப் பயன்படுத்துவோருக்கு அதிலிருந்து ஊக்கத் தள்ளுபடி. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடு விரும்பினால் நேரத்துக்கு ஏற்ற விலையையும் தேர்ந்தெடுக்கலாம். அதில் விலை கூடிய நேரம் வேலை நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10வரை. அலுவலகங்களின் பிற்பகல் உச்சமும் வீடுகளின் இரவுச் சமையலும் ஒரே வேலிக்குள் அடைபட்டுவிட்டன. தோட்ட வேலை முடிந்து மதியமே வீடு திரும்பும் குடும்பத்துக்கு இந்தத் தேர்வில் லாபம் குறைவு. இரவு வேலைக்குப் போய்ப் பகலில் ஏர்கோன் போட்டுத் தூங்குபவருக்கு, இரண்டு மணிக்குள் எழுந்துவிட்டால், நல்ல லாபம்.